எழுதுவதை விடுமுறைப் பயணத்தோடு ஒப்பிட்டால் எதுவரை பொருந்தும்?

முதல்வரைவு கேட்டது:

வணக்கம். அலுவலகத்தில் அறிக்கையோ செய்திமடலோ எழுதும் பொறுப்பு திடீரென்று தலையில் விழுந்தவர்களுக்காக மாதம் ஒரு முறை அரைநாள் எழுத்துப் பயிற்சி நடத்தி வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்லர். "எனக்கு எழுத்து வராது" என்பதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார்கள். அவர்களிடம் திட்டமிடல், வரைவு, திருத்தம் என்று பாடப்புத்தகச் சொற்களோடு தொடங்கினால் அந்தச் சாய்வு இன்னும் கொஞ்சம் கூடுகிறது. ஆகவே எவரும் வாழ்நாளில் ஒரு முறையாவது செய்திருக்கக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லித் தொடங்கலாம் என்று எண்ணி, குடும்பத்தோடு செல்லும் விடுமுறைப் பயணத்தை ஒப்புமையாக எடுத்துக்கொண்டேன்.

நான் அமைத்துக்கொண்ட வரிசை இது. எங்கே போவது என்று வீட்டில் நடக்கும் வாக்குவாதம், எதைப் பற்றி எழுதுவது என்று தேர்ந்தெடுப்பதற்கு ஒப்பானது. பெட்டி கட்டுவது, குறிப்புகளைச் சேகரிப்பது. வண்டி கிளம்பிய பின் வரும் நெடும்பயணம், முதல் வரைவு. நடுவில் வழி தவறுவது, எழுத்து நகராமல் நின்றுவிடுவது. வீடு திரும்பி அழுக்குத் துணிகளைத் துவைத்துப் போடுவது, திருத்தம். சொல்லும்போது எனக்கே மிகவும் பொருத்தமாகத்தான் பட்டது.

வகுப்புக்கு முன் உடன் பணிபுரியும் இருவரிடம் இதை ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். ஒருவர், "பயணத்தில் போய்ச் சேரும் இடம் கிளம்புவதற்கு முன்பே பயணச்சீட்டில் அச்சாகியிருக்கிறது, எழுதும்போதோ, நான் எதைச் சொல்ல வந்தேன் என்பது எனக்கே கடைசிப் பத்தியில்தான் தெரிய வருகிறது. இவை இரண்டும் எப்படி ஒன்றாகும்?" என்று கேட்டார். மற்றவர் அதைவிடச் சுருக்கமாக, "விடுமுறை என்றால் ஓய்வு, எழுத்து என்றால் வேலை, ஓய்வைக் காட்டி வேலை வாங்கப் பார்க்கிறீர்கள்" என்றார். இரண்டுக்கும் என்னிடம் நேரான விடை இல்லை, சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

ஒப்புமை என்றால் எங்கோ ஓரிடத்தில் உடையத்தான் செய்யும். முகத்தை நிலவு என்றால், தேய்பிறை எப்போது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இது கவிதையில் வரும் உவமை அன்று. இதை நம்பிப் பத்துப் பேர் அடுத்த வாரம் அறிக்கை எழுத உட்காரப் போகிறார்கள். ஆகவே இந்த ஒப்புமை எங்கே உண்மையிலேயே கைகொடுக்கும், எங்கே எழுதுகிறவரைத் தவறான பக்கம் திருப்பிவிடும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கத்தரிக்கோல் எழுதியது:

ஓர் இதழின் ஆசிரியர் குழுவில் பல ஆண்டுகளாகப் பிறர் கட்டுரைகளைச் செப்பனிடும் வேலை பார்க்கிறேன் என்பதால், உங்கள் ஒப்புமையில் எனக்கு மிகவும் மெய்யாகப் படுவது பெட்டி கட்டும் பகுதிதான். ஆனால் அதை நீங்கள் வைத்திருக்கும் இடம் சரியில்லை. குறிப்புகளைச் சேகரிப்பது பெட்டி கட்டுவது ஆகாது. அது அலமாரியில் இருக்கும் எல்லாவற்றையும் வாரிக் கட்டிலின்மேல் போடுவது. பெட்டி கட்டுவது அதற்குப் பிறகு வருகிறது, அதன் முதன்மையான வேலையும் உள்ளே வைப்பது அன்று, வெளியே எடுப்பது.

கிளம்புவதற்கு முந்தின இரவை நினைத்துப் பாருங்கள். மூடி மேல் ஒருவர் உட்கார்ந்துகொள்ள, மற்றொருவர் ஜிப்பை இழுக்க, மூலையில் ஒரு துணி மாட்டிக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடுகிறது. திறந்து பார்த்தால் மூன்றாவது ஜோடிக் காலணி இருக்கிறது. யாராவது வாங்கிக் கொடுத்து, இதுவரை பிரிக்காத தடித்த நூல் ஒன்று இருக்கிறது. மழை பெய்யாத பருவத்துக்கு ஒரு மழைக்கோட்டு இருக்கிறது. ஒவ்வொன்றையும் கேட்டால் ஒரே விடைதான் வரும்: "எதற்கும் இருக்கட்டும்." என் மேசைக்கு வரும் கட்டுரைகளில் பாதி இந்த "எதற்கும் இருக்கட்டும்" பத்திகளால் நிறைந்தவை. அவற்றை எழுதியவருக்கும் அவை தேவையா என்பதில் உறுதி இருக்காது. ஆனால் வாசகர் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இரவுப் பணி பார்ப்பவர்களின் தூக்கத்தைப் பற்றி 1,200 சொற்களில் ஒரு கட்டுரை கேட்டிருந்தோம். வந்தது 2,800 சொற்கள். முதல் நான்கு பத்திகள் தூக்கம் என்றால் என்ன என்பதில் தொடங்கி, அதன் கட்டங்கள், மூளையில் நிகழ்வன என்று போய்க்கொண்டிருந்தன. இரவுப் பணி என்ற சொல்லே ஐந்தாம் பத்தியில்தான் வந்தது. அந்த நான்கையும் எடுத்துவிடலாம் என்றபோது எழுதியவர் மனம் நொந்துபோனார். அவை இல்லாவிட்டால் பின்னால் வருவது எதுவும் புரியாது என்று உறுதியாகச் சொன்னார். நாங்கள் வாதாடவில்லை. நான்கு பத்திகளையும் எடுத்துவிட்டு, மீதியை இதில் தொடர்பே இல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்தோம். அவர் முழுவதையும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: பகலில் எட்டு மணி நேரம் தூங்கினாலும் களைப்பு ஏன் தீர்வதில்லை? உடல் தனக்கென ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது, அது முக்கியமாக வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது, பகல் தூக்கம் அதற்கு எதிராக நடக்கிறது என்ற விடை, எடுத்த நான்கு பத்திகளுக்குள் ஒரு வாக்கியமாக இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்ப உள்ளே வைத்தோம். நான்கு பத்தியில் கொண்டுபோக வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இது புதிதாக நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்திலேயே நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. "குன்றக் கூறல்" என்று ஒன்றைச் சொல்லி, உடனே "மிகைபடக் கூறல்", "கூறியது கூறல்" என்று போகிறது அந்தப் பட்டியல். குறைத்துக் கட்டியவன் ஊர் போய்த் தவிப்பான், கூட்டிக் கட்டியவன் வழியெல்லாம் சுமந்து தவிப்பான் என்று அதைப் பயண மொழியில் சொல்லிக்கொள்ளலாம். அதே பட்டியலில் "மற்றொன்று விரித்தல்" என்பதும் இருக்கிறது. அந்தத் தூக்கக் கட்டுரையின் முதல் நான்கு பத்திகளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

சுற்றுவழி எழுதியது:

கத்தரிக்கோல் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நண்பர் கேட்ட முதல் கேள்வியை நாம் எல்லாரும் தாண்டிப் போய்விடக் கூடாது. இந்த ஒப்புமை உடையும் இடமே அதுதான் என்று நினைக்கிறேன்.

பயணம் ஒரே திசையில் நகர்வது. தேர்வு, மூட்டை முடிச்சு, புறப்பாடு, சேர்தல், திரும்புதல் என்று ஒன்று முடிந்துதான் அடுத்தது. மூன்றாம் நாள் விடுதி அறையில் பெட்டியைத் திறந்து, தவறான பொருள்களைக் கொண்டுவந்துவிட்டோம் என்று தெரிந்தால், வீட்டுக்குப் போய் வேறு பெட்டி கட்டிக்கொண்டு வர முடியாது. எழுத்தையும் நெடுங்காலம் இப்படித்தான் கட்டம் கட்டமாகப் பார்த்தார்கள். 1981இல் லிண்டா ஃப்ளவரும் ஜான் ஹேய்ஸும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அந்தப் பார்வையை மறுத்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மனத்தில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லச் செய்து, அதைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். திட்டமிடுவது, சொற்களாக்குவது, மறுபடி பார்ப்பது ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வரும் கட்டங்களாக இல்லை. ஒரு வாக்கியத்தின் நடுவில்கூடத் திட்டம் மாறலாம், திருத்திக்கொண்டிருக்கும்போது புதிய நோக்கம் பிறக்கலாம் என்று கண்டார்கள். எழுதுகிறவர் எழுதுவதன் வழியாகக் கற்றுக்கொண்டதை வைத்துத் தம் முதன்மையான நோக்கத்தையே மாற்றிக்கொள்வதும் உண்டு. கடைசிப் பத்தியில்தான் எனக்கு விளங்குகிறது என்று உங்கள் நண்பர் சொன்னது அவருடைய குறைபாடு அன்று. எழுத்து என்பது பலருக்கும் அப்படித்தான் நடக்கிறது.

உங்கள் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு இது மிகவும் முக்கியம். எழுத்து ஒரு பயணம், கிளம்பிவிட்டால் திரும்ப முடியாது என்று அவர்கள் எடுத்துக்கொண்டால், கிளம்பவே மாட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டே இருப்பார்கள். முதல் வாக்கியம் சரியாக அமையும்வரை இரண்டாவது வாக்கியத்துக்குப் போகாமல் ஒரு முற்பகல் முழுவதையும் கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானே அப்படிக் கழித்தவன். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதற்கு நேர்மாறானது: இந்த ஊரில் எத்தனை முறை வேண்டுமானாலும் வீட்டுக்குப் போய்விட்டு வரலாம், செலவு ஒன்றும் இல்லை.

பயணத்தோடு ஒத்துப்போகிற ஒன்று உண்டு. அது கால மதிப்பீடு. எந்தக் குடும்பமும் நினைத்த நேரத்தில் வாசலைத் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. எழுத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று ரோஜர் ப்யூலரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் கேட்டு, 1994இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாணவர்கள் சொன்ன சராசரி 33.9 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குச் சொன்ன சராசரி 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். எல்லாம் கெட்டுப்போகும் என்று கற்பனை செய்தபோதுகூட உண்மையைத் தொட முடியவில்லை என்பதுதான் இதில் என்னை யோசிக்கவைத்தது. உங்கள் வகுப்பில் யாராவது "வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன்" என்று சொன்னால், இந்த மூன்று எண்களைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

இன்னொன்று, சற்று விலகிப் போனாலும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் 1,530 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆய்வில், விடுமுறைக்குப் போக இருப்பவர்கள் போகாதவர்களைவிடக் கிளம்புவதற்கு முன்பே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். திரும்பி வந்த பின்போ, மிகவும் நிம்மதியாகக் கழித்ததாகச் சொன்னவர்களைத் தவிர மற்றவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. எழுதப் போகிறேன் என்ற எண்ணம் தரும் இன்பமும் இதே இனத்தைச் சேர்ந்தது. புதிய குறிப்பேடு வாங்குவதும், இன்னும் நான்கு நூல்களைப் புரட்டுவதும், தலைப்புகளை வண்ணம் வண்ணமாகப் பிரிப்பதும் மிகவும் சுகமானவை. அந்தச் சுகம் முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதத் தொடங்காமல் இருக்கிறோமோ என்ற ஐயம் எனக்கு என்னைப் பற்றியே உண்டு.

பழைய ஆல்பம் எழுதியது:

இருவரும் சொன்னது சரியாக இருக்கட்டும். ஆனால் இருவரும் பயணம் போனவரோடே நின்றுவிட்டீர்கள். பயணத்துக்கு வராத ஒருவர் வீட்டில் இருக்கிறார். எழுத்தின் வம்பெல்லாம் அவரிடம்தான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பது நாள் பயணம் ஒன்று முடித்துத் திரும்பியபோது என் கைப்பேசியில் 640 படங்கள் இருந்தன. அடுத்த ஞாயிறு சித்தி வீட்டுக்கு வந்தார், காட்டச் சொன்னார். எடுத்த வரிசையிலேயே முதல் படத்திலிருந்து தொடங்கினேன். ரயில் நிலையத்தின் வாசல், ரயில் நிலையத்தின் உள்புறம், ரயில் வருவதற்கு முன், ரயில் வந்த பின் என்று அறுபது படம் தாண்டுவதற்குள் சித்தி என் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்கோ ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கதை இருந்தது. அந்தக் கதை படத்தில் இல்லை, என் தலைக்குள் இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வேகமாகத் தள்ளிக்கொண்டே போனபோது ஒரு படத்தில் அவர் விரலை வைத்து நிறுத்தினார். விடுதி அறையின் சன்னல் விளிம்பில் ஒற்றைச் செருப்பு மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. "இன்னொன்று எங்கே?" என்றார். ஓடையில் போய்விட்டது என்றேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்த ஓடையைப் பற்றி மட்டுமே பேசினோம். மீதிப் படங்கள் பார்க்கப்படவே இல்லை.

முதல் வரைவு என்பது எடுத்த வரிசையில் அடுக்கிய 640 படங்கள். லிண்டா ஃப்ளவர் 1979இல் எழுதிய ஒரு கட்டுரையில், அனுபவமற்றவர்களின் எழுத்து பெரும்பாலும் வாசகருக்காக அன்றி எழுதுகிறவருக்காகவே அமைந்துவிடுகிறது என்று விளக்கியிருக்கிறார். அத்தகைய எழுத்து, தான் கண்டுபிடித்த முறையிலேயே ஒரு கதைபோல நகரும், தன் தலைக்குள் இருப்பதை வாசகருக்கும் தெரிந்ததாக எண்ணிக்கொண்டு போகும் என்பது அவர் கருத்து. அதை அவர் வெறும் குற்றமாக ஒதுக்கவும் இல்லை. எழுதுகிறவர் தமக்காக முதலில் அப்படி எழுதிப் பார்ப்பதில் பயன் இருக்கிறது. அதை அப்படியே வாசகர் கையில் கொடுப்பதில்தான் சிக்கல்.

அலுவலக அறிக்கைகளில் இது கண்கூடு. "முதலில் நாங்கள் பதிவேடுகளைப் பார்வையிட்டோம். பிறகு பணியாளர்களைச் சந்தித்தோம். அதன்பின் கணக்குகளை ஒப்பிட்டோம்" என்று மூன்று பக்கம் போன பிறகு, நான்காம் பக்கத்தின் கீழே, "கிடங்கின் இருப்புக் கணக்கு ஏழு மாதமாகச் சரிபார்க்கப்படவில்லை என்பது தெரிய வந்தது" என்று ஒரு வரி ஒளிந்துகொண்டிருக்கும். அதுதான் ஒற்றைச் செருப்பு. மேலதிகாரிக்கு வேண்டியது அது. எழுதியவர் பயணம் போன வழி அவருக்கு வேண்டியதில்லை.

ஆகவே சுற்றுவழி அவர்களின் மறுப்புக்கு என் விடை இது. போகும் இடம் தெரியாமல் அலைந்து திரிவது எழுதுகிறவருடைய பயணம். அது ஒரே திசையில் நகர வேண்டியதில்லை. திரும்பி வந்த பிறகு அதே ஊருக்கு வேறொருவரைக் கூட்டிப் போகும் பயணம் ஒன்று இருக்கிறது. அதில் நாம் வழிகாட்டி. அப்போது எங்கே போகிறோம் என்பது பயணச்சீட்டில் அச்சாகியிருக்க வேண்டும், முட்டுச்சந்துகளைக் காட்டி நேரத்தை வீணாக்கக் கூடாது, எங்கே நிறுத்திக் காட்ட வேண்டுமோ அங்கே நிறுத்த வேண்டும். கத்தரிக்கோல் குறிப்பிட்ட அதே நன்னூல் பாயிரம், பத்துக் குற்றத்தோடு பத்து அழகையும் சொல்கிறது. அவற்றில் ஒன்று "முறையின் வைப்பு". நாம் கண்ட முறையைத்தான் அது சொல்கிறது என்று எண்ணிக்கொண்டால் 640 படங்களையும் காட்ட வேண்டியதுதான்.

முதல்வரைவு அவர்களே, உங்கள் வரிசையில் திருத்தத்தைத் துணி துவைப்பதாக வைத்திருப்பதை மட்டும் மாற்றிவிடுங்கள். அழுக்கு நீக்குவது மெய்ப்புப் பார்ப்பவரின் வேலை. திருத்தம் அதைவிடப் பெரியது.

வெள்ளைத்தாள் எழுதியது:

நான் எழுத்தாளன் அல்லன், மொழிபெயர்ப்பு செய்பவன். இரண்டாவது நண்பர் கேட்டதற்கு யாரும் விடை சொல்லாததால் குறுக்கிடுகிறேன்.

விடுமுறை ஓய்வு என்று சொல்கிறவர் அண்மையில் எங்கும் போகவில்லை என்றே கருதுகிறேன். வரிசையில் நிற்பதும், தூங்கிவிட்ட குழந்தையையும் பையையும் ஒரே நேரத்தில் தூக்குவதும், முன்பதிவு செய்த அறை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருப்பதும் ஓய்வு ஆகா. ஆனாலும் இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் அருமையான பயணம் என்போம். டெரன்ஸ் மிட்செல் முதலியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வில் இதையே கண்டார்கள்: 12 நாள் ஐரோப்பியச் சுற்றுலா, மூன்று வார மிதிவண்டிப் பயணம் போன்றவற்றில், போவதற்கு முன் எதிர்பார்த்ததும் வந்த பின் நினைவுகூர்ந்ததும், நடந்துகொண்டிருந்தபோது உணர்ந்ததைவிட இனிமையாக இருந்தன. எழுதி முடித்தவர்கள் எல்லாரும் எழுதும்போது இன்பமாக இருந்தது என்று சொல்வதை நான் இந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். உங்கள் மாணவர்களிடம், நடுவழியில் எரிச்சலாக இருந்தால் அது தகுதியின்மையின் அடையாளம் அன்று என்று சொல்லலாம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து நாள் வெளியூரில் இருந்துவிட்டு வீட்டுக் கதவைத் திறக்கும்போது, நம் வீட்டுக்கு என்று ஒரு வாசனை இருப்பது தெரியும். அன்றாடம் அங்கேயே இருக்கும்போது அது தெரிவதில்லை. திரும்பி வந்து ஒரு மணி நேரத்தில் மறுபடி மறைந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் கூடத்தின் நடுவில் மேசை இடைஞ்சலாக நிற்பதும், சுவரில் படம் கோணலாகத் தொங்குவதும் கண்ணில் படுகின்றன. எழுதியதை ஆறப்போட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகவே என்று எனக்குத் தோன்றுகிறது. நான் மொழிபெயர்த்ததை ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டுத் திறக்கும்போது, முதல் பக்கத்தில் மட்டும் பதினைந்து இடங்கள் கோணலாகத் தெரிகின்றன. பத்தாம் பக்கத்துக்கு வருவதற்குள் கண் பழகிவிடுகிறது, எல்லாம் மீண்டும் ஒழுங்காகத் தெரியத் தொடங்குகிறது. ஆகவே ஒரே மூச்சில் திருத்துவதை விட்டுவிட்டேன். சில பக்கம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.

சுற்றுவழி எழுதியது:

பழைய ஆல்பம் அவர்கள் சொன்ன இரட்டைப் பயணத்தை ஏற்றுக்கொள்கிறேன். என் மறுப்பு முதல் பயணத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ஒரு சிறிய திருத்தம் மட்டும் சொல்கிறேன். எல்லா எழுத்துக்கும் இரண்டு பயணமும் தேவைப்படுவதில்லை. மாதாமாதம் ஒரே வடிவத்தில் எழுதும் வருகை அறிக்கைக்குப் போகும் ஊர் நன்றாகத் தெரியும். அதற்கு அலைந்து திரியச் சொன்னால் வகுப்பில் இருப்பவர்கள் நம்மைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

முதல்வரைவு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நான் கொண்டுவந்த வரிசையில் இப்போது ஏறத்தாழ எதுவும் பழைய இடத்தில் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

வகுப்பை இப்படி மாற்ற எண்ணுகிறேன். பயண ஒப்புமையைத் தொடக்கத்தில் விரிவாகச் சொல்லப் போவதில்லை. வந்தவுடன் ஒவ்வொருவரும் தாங்கள் கடைசியாகப் போன ஏதாவதொரு பயணத்தைப் பற்றி 20 நிமிடத்தில், நிறுத்தாமல், நடந்த வரிசையிலேயே எழுத வேண்டும். அது அவர்களுடைய கட்டில்மேல் போட்ட குவியல். பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் சித்தியாகி, எந்த வரியில் விரல் வைத்து நிறுத்துகிறார் என்று அடிக்கோடு இட வேண்டும். அந்த வரியை முதலில் வைத்து, மற்றவற்றில் அதற்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, பாதி நீளத்தில் மறுபடி எழுத வேண்டும். அலுவலக அறிக்கைக்கு அதன் பிறகுதான் வருவேன். கிடங்கு எடுத்துக்காட்டை இரவல் வாங்கிக்கொள்கிறேன். சுற்றுவழி எச்சரித்தபடி, மாதாந்தர அறிக்கைகளை இதிலிருந்து விலக்கிவிடுகிறேன். வெள்ளைத்தாள் சொன்ன ஒரு வார இடைவெளிக்கு அரைநாளில் வழியில்லை. தேநீர் இடைவேளையை நடுவில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே ஒரு ஐயம் மிச்சம் இருக்கிறது. பாதியாகக் குறைத்து மறுபடி எழுதுவதற்கு 15 நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். அது போதுமா?

கத்தரிக்கோல் எழுதியது:

போதாது, 30 நிமிடம் கொடுங்கள். முதல் பத்து நிமிடம் யாரும் எதையும் வெளியே எடுக்க மாட்டார்கள். மூடிமேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.